மேல் பாதி, கீழ் பாதி

சாயங்காலம் நாலரை மணி. நள்ளிரவு பன்னிரண்டு என்று எதிர்பார்த்திருப்பீர்கள்... இல்லை, நாலரைதான். நவம்பர் மாதத்தில் கொடைக்கானல் மலைமேல் நாலரைக்கு ஒரு இருட்டு வரும். வெள்ளை இருட்டு. மூடுபனி இறங்கிவிட்டால் ஹெட்லைட் போட்டாலும் வெளிச்சம் திரும்பி வந்து ஓட்டுகிறவன் கண்ணில்தான் குத்தும்.

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் ரோடு. ஒரு பக்கம் பைன் மரங்கள். மறு பக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. ஆள் இல்லை, பஸ் இல்லை. பாலகுமார் தனியாகப் பைக்கில் வந்துகொண்டிருக்கிறார். பைக்கின் பக்கவாட்டில், ஹேண்டிலிலிருந்து பின் சீட்டையும் தாண்டி, சாக்கில் சுற்றிய ஒரு ஆளுயர வில்லைக் கட்டியிருக்கிறார்.

மதனைத் தெரியுமல்லவா, அவனுடைய அக்கா புருஷன்தான் இந்தப் பாலகுமார். 2006-இல் தொடங்கியது. மதன் சொன்னபடியே சொல்லப்படுகிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஒரு வளைவில் பைக் நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தார். எழும்பவில்லை. மறுபடி உதைத்தார். இன்ஜின் சத்தம் போனதும் காதில் வேறு சத்தமே இல்லை. பைன் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும்...

அப்புறம் அது கேட்டது.

கிர்ர்க்.

சின்னச் சத்தம். மரத்தின் மேல் கண்ணாடி விளிம்பை அழுத்தி இழுத்தால் வருமே, அது. காட்டுக்குள்ளிருந்து வரவில்லை. பள்ளத்திலிருந்தும் வரவில்லை. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. சாக்குக்குள்ளிருந்து.

கிர்ர்க்... கிர்ர்க்...

முதலில் ஈரச் சாக்கு வாடை. அதற்கு மேல், இப்போதுதான் மண்ணிலிருந்து பிடுங்கிய பச்சைப் பூண்டின் வாடை.

பாலகுமார் திரும்பவில்லை. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். வில்லைக் கண்ணாடிச் சில்லால் சீவுகிற ஆள் அந்த மலையில் ஒருவன்தான். பூம்பாறை சேனாதிபதி. அவனுக்கு அன்றைக்குப் பதினாறாம் நாள். அவனுடைய கருமாதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பாலகுமார் வந்துகொண்டிருந்தார்.

எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருந்தார். சரியாகப் பத்து. அதோடு நின்றது. அடுத்த உதையில் பைக் எழும்பிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் சத்தத்துக்குப் பயந்திருப்பார்கள். பாலகுமார் அந்த எண்ணிக்கைக்குப் பயந்தார்.

ஏன் என்று தெரிய, மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

பாலகுமாருக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே தடுப்பு வைத்து நாலு கம்ப்யூட்டர், இன்டர்நெட். அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பிள்ளை படித்தான், இங்கிலீஷ் வாசித்தால் புரியும். 2003-இல் ஒரு மழை நாளில், கடையில் ஆளில்லாத நேரம், மரத்தில் வில் செய்வது எப்படி என்று எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் படம் போட்டு எழுதியதைப் பார்த்தார். பார்த்தார், பிடித்துக்கொண்டது. அறுபது பக்கம் பிரிண்ட் எடுத்து, பைண்டு போட்டு வைத்தார்.

பூண்டு விற்ற சீட்டை ஜெராக்ஸ் எடுக்க வருகிற சேனாதிபதி அந்தப் பைண்டைப் புரட்டிப் பார்த்தான். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. படத்தை மட்டும் பார்த்தான்.

"ஏலே பாலு, நம்மளும் ஒண்ணு செஞ்சு பாப்பமாலே?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூம்பாறையில், சேனாதிபதியின் தரிசாகக் கிடந்த படிக்கட்டு வயலில், காய்ந்த பூண்டுத் தாளைக் கட்டாகக் கட்டி வைத்து அம்பு விடுவார்கள். கொஞ்ச நாளில் ராஜமுருகனும் சேர்ந்துகொண்டான். பழனிக்காரன், ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன், வயதில் இளையவன், வாய் நீளம்.

வில் செய்வதில் ஒரே ஒரு விஷயம்தான் வித்தை. மரத்தை வில் மாதிரி செதுக்குவது யாருக்கும் வரும். அதற்குப் பிறகு அதைச் சுவரில் அடித்த கட்டையில் படுக்கைவாக்கில் உட்கார வைத்து, கப்பியில் கயிறு போட்டு நாணைக் கீழே இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா? இல்லையென்றால், வளையாத பக்கத்தில் நாலு இழுப்பு சீவ வேண்டும். மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். இப்படி நாள் கணக்கில். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டால் அந்தப் பக்கம் பலவீனம். அதைச் சரிக்கட்ட மறு பக்கத்தையும் குறைக்க வேண்டும், வில்லின் பலம் போகும். குறைக்காமல் விட்டால் ஒரு நாள் முழுசாக இழுக்கும்போது முகத்துக்கு நேரே வெடிக்கும்.

பாலகுமார் அதற்கென்று கோயம்புத்தூரிலிருந்து மரம் சீவுகிற எஃகுத் தகடு வாங்கி வந்தார். சுவரில் கட்டம் போட்டார். ஒவ்வொரு சீவலுக்கும் நோட்டில் குறித்தார். சேனாதிபதி உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இரண்டு இழு இழுப்பான். கட்டை விரலால் தடவுவான். முடிந்தது.

அவன் வில் பேசியது. பாலகுமாரின் வில் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அண்ணன் வில்லு அமெரிக்காவுல படிச்சதுண்ணே," என்பான் ராஜமுருகன். "படிப்பெல்லாம் இருக்கு. வேலதான் பாக்க மாட்டேங்குது."

சேனாதிபதி சிரிக்க மாட்டான். "சும்மா கெடறா. பாலு இல்லாட்டி எனக்கு வில்லுன்னா என்னன்னே தெரியாது."

அதைத்தான் பாலகுமாரால் தாங்க முடியவில்லை. அவன் கிண்டல் செய்திருந்தால்கூடத் தூங்கியிருப்பார்.

ஒரு முறை இரண்டு பேருடைய வில்லையும் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, வில்காரர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு இன்டர்நெட் பக்கத்தில் போட்டார். எது யாருடையது என்று எழுதவில்லை. எது நல்லது, சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். பத்தொன்பது பேர் பதில் போட்டார்கள். பத்தொன்பது பேரும் ஒரே வில்லைச் சொன்னார்கள்.

"என்னலே போட்டிருக்கான் வெள்ளைக்காரன்?" என்று சேனாதிபதி ஆசையாகக் கேட்டான்.

"ரெண்டுமே நல்லா இருக்காம்," என்றார் பாலகுமார்.

பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த தடசு மரம் ஒன்று கிடைத்தது. வளைந்தால் ஒடியாத சாதி. இருவருமாக ஆப்பு அடித்து நேர் பாதியாகப் பிளந்தார்கள். வெட்டுவாயில் மெழுகு பூசி ஒன்றரை வருஷம் காயப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பாதி. தான் வாழ்நாளில் செய்யப்போகும் ஒரே நல்ல வில் அதிலிருந்துதான் வர வேண்டும் என்று பாலகுமார் நினைத்திருந்தார். தொடப் பயந்து தொடாமலே வைத்திருந்தார். சேனாதிபதி தன் பாதியைச் செதுக்கத் தொடங்கிவிட்டான்.

2006 அக்டோபரில் ஒரு ஞாயிறு. பூம்பாறையில் சேனாதிபதியின் கொட்டகை. வில் சுவரில் ஏறியிருந்தது. இன்னும் முடியவில்லை. ஆனால் பாலகுமாருக்குத் தெரிந்துவிட்டது, அந்த அறுபது பக்கத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்த படம் இதுதான் என்று. சேனாதிபதி தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக் காப்பியோடு வருகிறேன் என்று போனான்.

பாலகுமார் தன் எஃகுத் தகட்டை எடுத்தார். கீழ் பாதியில், பிடிக்குச் சற்று கீழே, ஒரே இடத்தில், பத்து இழுப்பு. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கும் லேசில் தெரியாது. வில்லுக்கு மட்டும் தெரியும். சீவலைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சேனாதிபதி கொண்டு வந்த காப்பியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

அந்த வில்லைச் சேனாதிபதி இழுக்கவே இல்லை. மறு வாரம் ஒரு பூண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது. நெஞ்சு என்றார்கள்.

கருமாதி அன்றைக்கு எல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி கண்மணி சாக்கில் சுற்றிய வில்லைக் கொண்டு வந்து பாலகுமாரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இத நீங்க கொண்டு போங்க."

"வேணாம்மா. அவன் ஞாபகமா வீட்ல இருக்கட்டும்."

"உங்களுக்குன்னுதான் செஞ்சாரு. கரிக்கோடு போட்டு வச்சிருந்தாரே, நீங்க பாக்கலையா?"

சுவரில் ஒரு கரிக்கோடு இருந்தது. நாணை அதுவரைதான் இழுக்க வேண்டும் என்பதற்கான கோடு. பாலகுமார் பார்த்திருந்தார், வழக்கத்தைவிட மூன்று அங்குலம் கீழே இருந்ததையும் பார்த்திருந்தார். பெருமைக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டு ஆளுக்கு இம்புட்டு கை ஏதுண்ணே? உங்க கை நீளம் அது. பொங்கலுக்குக் குடுக்கணும், அதுவரைக்கும் வாயைத் தொறக்காதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஆக, பொங்கலன்று பாலகுமாரின் முகத்துக்கு நேரே வெடித்திருக்க வேண்டிய வில். அவரே வைத்த வெடி.

அதோடுதான் அந்த ரோட்டில் வந்தார். அப்போதுதான் சாக்குக்குள்ளே பத்து இழுப்பு கேட்டது.

வீட்டுக்கு வந்து, பின்பக்கக் கொட்டகையில் சாக்கை அவிழ்த்தார். பத்துச் சீவல் உதிர்ந்தது. எடுத்துப் பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவு மெல்லிசு. அவருடைய தகட்டில் அப்படி வராது. பூண்டு வாடை அடித்தது. வில்லைச் சுவரில் ஏற்றி நாணை இழுத்தார்.

கீழ் பாதியில் அவர் எடுத்த பத்துக்கு, மேல் பாதியில் பத்து எடுக்கப்பட்டிருந்தது. இரண்டும் நிலா மாதிரி சமமாக வளைந்தன. காய்கறி நிறுக்கிற ஸ்பிரிங் தராசை மாட்டிப் பார்த்தார். இழுவை இருபத்திரண்டு கிலோ. அவருடைய கைக்கு அளவெடுத்தது போல.

முதலில் பயம். அப்புறம் ஒரு பெரிய நிம்மதி, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை என்று. கொஞ்ச நேரம் கழித்து, அந்த இரண்டையும் தள்ளிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று வந்தது. என் தப்பைச் சரி செய்யக்கூட அவன்தான் வர வேண்டுமா?

அடுத்த ஞாயிறு வில்லைக் கொண்டுபோய் ராஜமுருகனிடம் காட்டினார். ராஜமுருகன் இழுத்தான், விட்டான். அம்பு பூண்டுத் தாள் கட்டைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருந்த கல்லில் மோதி ஒடிந்தது.

"யாருண்ணே முடிச்சது? சேனா அண்ணன் பாதியில விட்டதாத்தானே சொன்னாங்க?"

"நான்தான் முடிச்சேன்."

"மெய்யாவா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டார். இந்த முறை யார் செய்தது என்று எழுதினார். தன் பெயரை. முப்பத்திரண்டு பதில்கள். எவனோ ஒருவன், இந்தக் கையை எங்கே இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டிருந்தான். பாலகுமார் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பாராட்டு வந்த வீடு சரி, ஆள் வேறு.

அந்த வில்லில் தன் கை கொஞ்சமாவது இருக்க வேண்டும். பத்துத் திருட்டு இழுப்பு கணக்கில் வராது. நேர்மையாக, நன்றாக, தன் கை. அவ்வளவுதான் அவர் கேட்டது. கீழ் பாதியில் நுனிப் பக்கம் லேசாக ஆறு இழுப்பு சீவினார். சர்ர்... சர்ர்... எஃகுத் தகட்டின் சத்தம் அப்படித்தான் இருக்கும், கண்ணாடியின் சத்தம் போல இருக்காது. இழுத்துப் பார்த்தார். கீழ் பாதி கொஞ்சம் இளகிவிட்டது. நாளைக்கு மேல் பாதியையும் தானே சரி செய்துவிடலாம் என்று விளக்கை அணைத்தார்.

மறுநாள் நாலரைக்குப் பனி இறங்கியது.

கிர்ர்க்... கிர்ர்க்...

ஆறு. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. மேல் பாதிக்கு நேர் கீழே தரையில் ஆறு சீவல். வில் மறுபடி அப்பழுக்கில்லாமல் இருந்தது.

விட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் அங்கே விட்டிருப்பார்கள். கையில் உலகத்திலேயே அழகான வில் இருக்கிறது, ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். பாலகுமார் தகட்டை எடுத்தார்.

அதிலிருந்து தினம் இதுதான். காலையில் கடைக்குப் போகுமுன் அவர் ஒரு பக்கம் சீவுவார். சாயங்காலம் பனி இறங்கியதும் மறு பக்கம் சீவப்படும். அவர் எட்டு என்றால் அங்கேயும் எட்டு. அவர் மேலே என்றால் அது கீழே. ஒரு நாள் வேண்டுமென்றே கோணல்மாணலாக, பிள்ளை கிறுக்கினது போலச் சீவி வைத்தார். சாயங்காலம் அந்தக் கோணலும் மறு பக்கத்தில் அச்சாக வந்திருந்தது. அழகாக. கோணல்கூட அவன் செய்தால் அழகாக இருந்தது.

இருபது கிலோ. பதினேழு. பதினாலு.

அவர் மனைவி ஆனந்தி வாசலில் நின்று கத்துவாள். "என்னாங்க, பொழுதன்னைக்கும் அந்தக் கொட்டாய்க்குள்ளாற என்னா சோலி? கடையில ஆள் நிக்குதாம்."

"வர்றேன்னு சொல்லு."

"அந்தச் சத்தம் எனக்கும் கேக்குதுங்க."

அவர் தகட்டைத் துணியால் துடைத்தார்.

"செத்த மனுசனோட என்னாங்க போட்டி?"

"உயிரோட இருந்தப்பவும் அவன்தான் ஜெயிச்சான். செத்தும் அவனேதான் ஜெயிக்கணுமா?"

ஆனந்தி பயந்துபோய்த் தன் தம்பி மதனை வரச் சொன்னாள். மதன் ஒரு நாள் நாலு மணிக்கே கொட்டகைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்தது. வில் சுவரில் இருந்தது. நாண் ஆடவில்லை. முதலில் வாடை. அப்புறம் சத்தம். கண்ணாடி தெரியவில்லை, கை தெரியவில்லை... மரத்திலிருந்து ஒரு சீவல் மட்டும் தானாக எழும்பி, சுருண்டு சுருண்டு வந்து, நுனியில் ஒரு நொடி நின்று, விழுந்தது. யாரோ அதை ஊதிவிட்டது போல விழுந்தது. மதன் இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் இறங்கிவிடும். அன்றைக்குத்தான் பாலகுமார் அவனிடம் அந்தப் பத்து இழுப்பையும் ஒப்புக்கொண்டார்.

"அத்தான், அப்ப மன்னிப்புக் கேட்டு விட்ருங்க. வில்லக் கொண்டுபோய் அவுங்க வீட்லயே குடுத்துருவம்."

"குடுக்கலாம். ஒரே ஒரு நாள் நான் அவனவிட நல்லா சீவிட்டுக் குடுக்கறேன்."

பிப்ரவரியில் வில் ஏழு கிலோவுக்கு வந்துவிட்டது. கோழி விரட்டுகிற குச்சி. இனி சீவ மரமில்லை. மறுநாள் சாயங்காலம் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பாலகுமார் பரண் மேலிருந்து தன் பங்கு மரத்தை இறக்கினார். அதே தடசின் மறு பாதி. மூன்று மாதம், நோட்டு வைத்து, கட்டம் பார்த்து, மூச்சை அடக்கிச் செதுக்கினார். சுவரில் ஏற்றினார். மேல் பாதி முரண்டு பிடித்தது. வேண்டுமென்றே அப்படியே விட்டு, கதவைச் சாத்தினார். ஜூன் மாதம், பனி நன்றாக இறங்குகிற காலம். நாலரைக்கு உள்ளே வந்து நின்று காது கொடுத்தார்.

ஒன்றும் இல்லை. தகரத்தில் மழை விழும் சத்தம்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தார். அதற்கு மறுநாளும். தரையில் ஒரு சீவல் இல்லை. வாடை இல்லை. பதினைந்து நாள் நின்றார். சேனாதிபதி வரவில்லை. திட்டியோ பழிவாங்கியோ போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவன் வந்து பார்க்கத்தக்க வில்லாக அது இல்லை, அவ்வளவுதான். அந்த மழையில் பாலகுமார் நின்ற நிலை இருக்கிறதே... பேய் வந்த வீட்டுக்காரன்கூட அப்படி நிற்கமாட்டான்.

ஜூலையில் ராஜமுருகன் வந்தான். முகம் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அண்ணே, சிரிக்காம கேளுங்க. எங்க கொட்டகையில யாரோ என் வில்லச் சீவுறாங்க."

பாலகுமார் சிரிக்கவில்லை.

"பழனிப் பக்கம் பட்டுப்பூச்சித் தோட்டத்துல வாங்கின முசுக்கொட்ட மரம்ணே. சும்மா செதுக்கிப் போட்டிருந்தேன். நாலு நாளா சாயங்காலமானா சத்தம் வருது. கீழ எல்லாம் சீவல். பூண்டு நாத்தம். என் வீட்ல பூண்டே கிடையாதுண்ணே, அம்மா சேக்க மாட்டாங்க."

"உன் வில்லையா?" என்றார் பாலகுமார்.

"ஆமாண்ணே."

"நீ செஞ்ச வில்லை?"

"ஆமாங்கறேன்ல."

"நீ கத்துக்கிட்டு எத்தன வருசம் ஆச்சு?"

ராஜமுருகனுக்கு ஒன்றும் புரியவில்லை. பேயைப் பற்றிக் கேட்க வந்தவனிடம் இவர் வருஷக் கணக்குக் கேட்கிறார். "அத விடுங்க, நான் என்ன செய்யட்டும்? வில்லத் தூக்கி அடுப்புல வச்சிரட்டுமா?"

"வேணாம்," என்றார் பாலகுமார் அவசரமாக. "இருக்கட்டும். தொடாத."

அந்த வாரத்திலிருந்து பாலகுமாருக்குச் சாயங்காலத் தூக்கம் வர ஆரம்பித்தது. அதற்கு முன் பகலில் கண் மூடியவர் இல்லை. நாலரைக்குப் பனி இறங்கும், கடையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஆறு மணிக்கு விழிப்பார். விழிக்கும்போது வலது தோள் கடுகடுவென்று வலிக்கும், நாள் முழுக்க வேலை செய்தவனுக்கு வலிப்பது போல.

"தூக்கத்துல கைய இழுத்து இழுத்து ஆட்டுறீங்க," என்றாள் ஆனந்தி. "உலுக்கினாலும் எந்திரிக்க மாட்டேங்கறீங்க. உடம்பு ஐஸா கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் தூங்கறேன்."

நன்றாகத்தான் தூங்கினார். பல வருஷமாகத் தூங்காத தூக்கம். விழித்ததும் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், வேலையை ஒழுங்காக முடித்தவனுடைய திருப்தி. கனவில் என்ன வந்தது என்று மதன் ஒரு நாள் கேட்டான். கனவெல்லாம் ஒன்றும் இல்லை, ஒரு மரம், அதன் மேல் தன் கை, அவ்வளவுதான் என்றார். பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டான். அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்டில் ராஜமுருகன் மறுபடி வந்தான். இந்த முறை திண்டாடிப்போய், வாசலிலேயே செருப்போடு நின்றான்.

"அண்ணே, இப்ப ரெண்டு சத்தம்."

ஆனந்தி அடுப்படியில் இருந்தாள். பாலகுமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முந்தி ஒண்ணுதான் கேட்டுச்சு, கண்ணாடிச் சத்தம். இப்ப கூடவே ஒண்ணு, இரும்புத் தகடு மாதிரி. மேல் பாதியில ஒருத்தர், கீழ் பாதியில ஒருத்தர். போட்டி போட்டுக்கிட்டுச் சீவுறாங்கண்ணே. வில்லு கரைஞ்சுக்கிட்டே வருது. அது ஒண்ணு சேனா அண்ணன்னா... இன்னொண்ணு யாருண்ணே?"

பாலகுமார் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரெண்டுல எந்தப் பக்கம் நல்லா வந்திருக்கு?"

ராஜமுருகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவருடைய வலது கை நாற்காலிக் கைப்பிடியில் மெல்ல முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அவன் பொய் சொல்லியிருக்கலாம். சின்னப் பையன், பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"மேல் பக்கம்ணே... கண்ணாடி."

பாலகுமார் தலையை ஆட்டினார். "சரி," என்றார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

ராஜமுருகன் அன்றைக்கே அந்த வில்லையும், கொட்டகையில் கிடந்த மரத்தையெல்லாம், தகடு, அரம், நாண் நூல் வரைக்கும் அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரைக் குப்பையோடு எரித்துவிட்டான். அத்தோடு வில் விளையாட்டையே விட்டான். அவன் கொட்டகையில் அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பூம்பாறையிலும் இல்லை. சீவத் தக்க மரம் எங்கேயும் இல்லை. பாலகுமாரின் சாயங்காலத் தூக்கம் மட்டும் நிற்கவில்லை. தோள் வலியும் நிற்கவில்லை. இப்போது இரண்டு தோளும் வலிக்கிறது என்றார்.

திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ரத்தம், சர்க்கரை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். ஒரு வியாதியும் இல்லை.

தீபாவளிக்குள் அவருடைய சட்டைகளை ஆனந்தி மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். தையல்காரர் செல்லப்பாண்டி இந்த முறை ஆளையே கூட்டி வரச் சொன்னார். நிற்க வைத்து, டேப்பைத் தோளில் வைத்து அளந்தார். இடது பக்கம் அளந்தார், வலது பக்கம் அளந்தார். கை, மணிக்கட்டு, இடுப்பு. மறுபடி முதலிலிருந்து அளந்தார். கூட வந்த மதனைப் பார்த்துச் சிரித்தார்.

"முப்பது வருசமா தைக்கிறேன் தம்பி. எந்த மனுசனுக்கும் ஒரு தோளு கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும். இவருக்கும் இருந்துச்சு, என் நோட்லயே இருக்கு. இப்பப் பாருங்க, ரெண்டு பக்கமும் நூல் புடிச்ச மாதிரி ஒரே அளவாக் கொறஞ்சிருக்கு."